உப்புக்காற்றும் ஆசிட் பாட்டிலும்

கடலோர ஊர் ஒன்றில், பேருந்து நிலையத்தை ஒட்டியோ கோயில் வாசலுக்கு அருகிலோ இருக்கும் கட்டணக் கழிப்பறை, கட்டி மூன்று வருஷம் ஆனதும் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். சுவர் திடமாக நிற்கும். பீங்கான் அப்படியே இருக்கும். டைல்ஸைத் தேய்த்துக் கழுவினால் புதுசு போலப் பளபளக்கும். ஆனால் கதவில் தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகளும், அவற்றிலிருந்து வழிந்த செம்பழுப்புக் கோடுகளும் மட்டும் இருக்கும். ஓட்டை ஒன்றில் யாரோ துணிக்கயிற்றைக் கோத்துக் கட்டியிருப்பார்கள். உள்ளே போகிற பெண் ஒரு கையில் பையையும் இன்னொரு கையில் அந்தக் கயிற்றையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பலர் அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய இடம், சில பத்து ரூபாய் பெறாத ஒரு சாமானால் பாதிப் பேருக்குப் பயன்படாமல் போகிறது.

ஓட்டல், கல்யாண மண்டபம், திரையரங்கம், மீன் ஏலக்கூடம் என்று எந்த இடத்துக் கழிப்பறையானாலும் அது கெடுகிற வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ஸ்க்ரூ, பிறகு தாழ்ப்பாள், கீல், கதவின் அடிப்பக்கம், குழாய், டைல்ஸ் இடுக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில் கூரைக்குள் இருக்கும் கம்பி. கட்டும்போது நம் பணமும் கவனமும் இதற்கு நேர் எதிரான வரிசையில் போகின்றன. டைல்ஸின் நிறத்தைப் பற்றி ஒரு வாரம் யோசிக்கிறோம். ஸ்க்ரூ வாங்கும் வேலையை ஆசாரியிடம் விட்டுவிடுகிறோம்.

ஏன் இந்த வரிசை என்று புரிய, முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். கடலலை உடையும்போது நுரைக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்த் துளிகளைக் காற்றில் தெறிக்கவிடுகிறது. அவற்றில் கனமானவை கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். லேசானவை கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வரும். வந்து படிந்த உப்பு, பொடியாகக் கிடந்தால் பெரிய கேடில்லை. ஆனால் அது அப்படிக் கிடப்பதில்லை. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால், தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி ஊர்களில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. எனவே கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரியும் கதவுக் கைப்பிடியின் மேலும் உப்புநீர்ப் படலம் ஒன்று இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கிறது. கழிப்பறைக்குள் ஈரம் இன்னும் அதிகம். காற்றோட்டமும் குறைவு.

மழையில் நனைகிற இடம்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். நல்ல எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) சாமானைப் பொறுத்தவரை விஷயம் தலைகீழ். வெளியே நிற்கும் கைப்பிடிக் கம்பியை மழை கழுவிவிடுகிறது. கூரைக்கு அடியில், மழை படாமல் காற்று மட்டும் படும் இடத்தில்தான் உப்பு மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. கழிப்பறை முழுவதுமே அப்படிப்பட்ட இடம்.

இந்தக் காற்று என்ன செய்யும் என்பதைப் பாம்பன் நமக்குக் காட்டிவிட்டது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியை அரிப்பு பலவீனமாக்கியதால் 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், பாம்பனுக்கு இக்கரையில் இருக்கும் மண்டபத்தில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து அரிமானத்தை அளந்துவந்திருக்கிறது. அரிப்பைப் பற்றிய அறிவு நமக்கு வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. பாலம் வரைக்கும் வந்த அந்த அறிவு, அதே காற்றில் நிற்கும் கழிப்பறைக் கதவு வரைக்கும் வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எஸ்.எஸ். என்று சொன்னதும் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிடுகிறது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் முப்பது வருஷம் ஆகியும் அப்படியே இருக்கிறதே என்ற அனுபவத்திலிருந்து வரும் நம்பிக்கை அது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913இல், துப்பாக்கிக் குழல்கள் தேய்ந்துபோகும் பிரச்சினைக்குத் தீர்வு தேடியபோது, குரோமியம் நிறையச் சேர்ந்த எஃகு மற்ற எஃகைப் போல அரிபடுவதில்லை என்று கண்டார். காரணம் எளிமையானது. எஃகில் குரோமியம் 10.5 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்றை உண்டாக்குகிறது. அதன் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். கீறினால் நொடிப்பொழுதில் தானே மூடிக்கொள்ளும். எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது முழுக்க முழுக்க இந்தப் படலத்தின் தயவில்தான்.

இந்தப் படலத்துக்கு ஒரு பகை உண்டு. குளோரைடு அயனி. படலத்தில் எங்கேயாவது ஒரு நலிந்த புள்ளி கிடைத்தால் அது அங்கே புகுந்து குழி தோண்டத் தொடங்கும். குழிக்குள் கரைந்த உலோகம் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் கூடக் கூட மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக்சிஜன் உள்ளே எட்டாததால் படலம் மறுபடி மூடிக்கொள்ளவும் முடிவதில்லை. வெளியே குண்டூசி முனை அளவுப் பழுப்புப் புள்ளிதான் தெரியும். உள்ளே தகடு ஓட்டையாகியிருக்கும். ஸ்க்ரூவின் தலைக்கு அடியிலும், கீலின் இரண்டு தகடுகளுக்கு நடுவிலும், வாஷருக்குப் பின்னாலும் ஆக்சிஜன் இல்லாத அப்படிப்பட்ட இடுக்குகள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. ஸ்க்ரூ முதலில் போவதற்கு இது ஒரு காரணம். அது சின்னது, அதில் உலோகமே கொஞ்சம்தான் என்பது இன்னொரு காரணம்.

இப்போது கடைக்குப் போவோம். "எஸ்.எஸ். தாழ்ப்பாள் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் 202 ரகமாக இருக்கும். நிக்கல் விலை அதிகம் என்பதால், அதைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்துச் செய்தது. இன்னும் மலிவான சாமான்களில் நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டியும், குரோமியம் அதற்கேற்பக் குறைந்தும் இருக்கும். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316இல் அவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. அந்தச் சிறிதளவு மாலிப்டினம்தான் குளோரைடு குழி தோண்டுவதை வெகுவாக மட்டுப்படுத்துகிறது. உள்நாட்டு ஊருக்கு 304 தாராளம். கடற்கரையை ஒட்டிய கழிப்பறைக்குக் குறைந்தபட்சம் ஸ்க்ரூ, தாழ்ப்பாள், கீல் இவற்றிலாவது 316 வேண்டும் என்பது என் கருத்து. தகடு முழுவதையும் 316இல் போட வசதியில்லாவிட்டாலும் இந்தச் சில்லறைச் சாமான்களில் கைவைக்கக் கூடாது.

காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் அசல் 304 என்று சொல்பவர்கள் உண்டு. தவறு. 202, 304, 316 மூன்றுமே சாதாரணமாகக் காந்தத்தில் ஒட்டாது. மாலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சொட்டு வேதிக்கரைசலும் சின்ன பேட்டரியும் கொண்ட சோதனைப் பெட்டி விற்பனைக்குக் கிடைக்கிறது. நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடலாம். பெரிய பழைய உலோக வியாபாரிகளிடம் எக்ஸ் கதிரில் உலோகக் கலவையைக் காட்டும் கைத்துப்பாக்கி போன்ற கருவியே இருக்கிறது. பத்துக் கழிப்பறை கட்டுகிற ஒப்பந்தத்தில் ஒரு முறை இந்தச் சோதனை செய்வது பெரிய செலவில்லை.

ரகம் சரியாக இருந்தாலும் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் பயனில்லை. சொரசொரப்பில் உப்பு தங்கும். ஆஸ்திரேலியாவில் கடற்கரைக் கட்டடங்களின் எஸ்.எஸ். கைப்பிடிகளில் தேநீர் சிந்திக் காய்ந்தாற்போலப் படரும் பழுப்புக் கறையைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் வரைக்கும் இது வரலாம் என்பதும், மேற்பரப்பின் சொரசொரப்பு அரை மைக்ரானுக்குக் கீழே இருந்தால் பெருமளவு குறையும் என்பதும் அவர்கள் அனுபவம். தகட்டில் மெருகுக் கோடுகள் இருந்தால் அவை மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போதுதான் நீர் தேங்காமல் வழியும். இரும்பு நாரால் தேய்க்கவே கூடாது. நாரிலிருந்து உதிரும் இரும்புத் துகள்கள் எஸ்.எஸ்.ஸில் பதிந்து துருப்பிடிக்கும். அந்தத் துருவுக்கு அடியில் நல்ல எஃகும் கெடத் தொடங்கும்.

கடல் செய்வது இவ்வளவு. ஆனால் நம் கழிப்பறைகளைக் கடலைவிட வேகமாக அழிப்பது மூலையில் இருக்கும் ஆசிட் பாட்டில்தான் என்று நினைக்கிறேன்.

மஞ்சளாகவோ நிறமின்றியோ பிளாஸ்டிக் பாட்டிலில் கிடைக்கும் அந்த ஆசிட், ஹைட்ரோகுளோரிக் அமிலம். பெயரிலேயே குளோரைடு இருக்கிறது. அதைத் தரையில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். அழுக்கு பொங்குகிறது என்று பார்ப்பவருக்குத் திருப்தியாக இருக்கும். உண்மையில் பொங்குவதில் பெரும்பங்கு டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டு. சிமெண்டிலுள்ள சுண்ணாம்புச் சேர்மங்கள் அமிலத்தில் கரைந்து கால்சியம் குளோரைடாக மாறுகின்றன. அது நீரில் எளிதில் கரைந்து ஓடிவிடும். ஒவ்வொரு கழுவலுக்கும் இடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகிறது. ஆழமான இடுக்கில் அழுக்கு அதிகம் சேர்கிறது. அழுக்கைப் போக்க இன்னும் கொஞ்சம் ஆசிட். ஒருநாள் அந்த இடுக்கு வழியே தண்ணீர் கீழே இறங்கும். தண்ணீரோடு கரைந்த குளோரைடும் இறங்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அதன் காரத்தன்மை காத்துக்கொண்டிருக்கிறது. பி.எச். 12.5க்கு மேல் இருக்கும் அந்தச் சூழலில் இரும்பு துருப்பிடிப்பதில்லை. குளோரைடு போய்ச் சேர்ந்ததும் அந்தக் காவல் உடைகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடிக்கும். மாடிக் கழிப்பறைக்குக் கீழே இருக்கும் அறையின் மேற்கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதே, அதைக் கடற்கரை ஊரில் கடல் மேல் பழி போடுவது வழக்கம். பாதிப் பழி மேலே ஊற்றிய ஆசிட்டைச் சேரும்.

ஆவியும் சும்மா இருப்பதில்லை. ஆசிட் ஊற்றிக் கதவைச் சாத்திவிட்டுப் போனால், ஹைட்ரஜன் குளோரைடு ஆவி எழுந்து, ஈரமான கீலிலும் குழாயிலும் கண்ணாடியின் விளிம்பிலும் படிந்து மறுபடி அமிலமாகிறது. யாரும் ஆசிட்டைத் தொட்டுப் பூசாத, ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் விசிறியின் ஸ்க்ரூ ஏன் துருப்பிடித்தது என்ற கேள்விக்கு விடை இதுதான். முகம் பார்க்கும் கண்ணாடியில் விளிம்பிலிருந்து கறுப்பு படர்வதும் இதே வழிதான். பின்புறம் பூசிய வெள்ளியை ஆவி அரிக்கிறது.

காற்றில் கலந்த குளோரின் சேர்மங்கள் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கொடிய உதாரணம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. உஸ்டர் நகரின் உள்ளரங்க நீச்சல்குளத்தில், கனமான கான்கிரீட் உள்கூரையை எஸ்.எஸ். கம்பிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கம்பிகள் மேல் குளத்து நீர் ஒரு நாளும் தெறித்ததில்லை. நீரில் கலந்த குளோரினும் குளிப்பவர்களின் வியர்வை, சிறுநீரிலிருந்து வரும் சேர்மங்களும் சேர்ந்து உண்டான ஆவி மட்டும் மேலே போய்ப் படிந்துகொண்டிருந்தது. 1985 மே 9 அன்று கம்பிகள் அறுந்து உள்கூரை விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். இழுவிசையில் இருக்கும் எஸ்.எஸ்.ஸைக் குளோரைடு நுண்ணிய வெடிப்புகளாகப் பிளக்கும் என்பது உலோகவியலாளர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அறை வெப்பத்தில், அதுவும் ஆவியாலேயே அது நடக்கும் என்று கட்டட உலகம் கற்றுக்கொண்டது உஸ்டருக்குப் பிறகு. தொட்டியோ பெரிய கண்ணாடியோ உள்கூரையோ எஸ்.எஸ். கம்பியில் தொங்கும் கழிப்பறையில் இதை மறக்கக் கூடாது. விழுந்தால் காயப்படுத்தும் அளவுக்குக் கனமான எதையும் தொங்கவிடாமல் சுவரிலோ தரையிலோ தாங்குவதே நல்லது.

ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் குளோரின் வாயுவே கிளம்பும். உலோகம் அழிவது அப்புறம் இருக்கட்டும். அந்தச் சின்ன அறைக்குள் குனிந்து நின்று தேய்க்கிற அம்மாவின் நுரையீரல் முதலில் எரியும். இருமிக்கொண்டே வேலை செய்கிறார்களே, அது இந்த வேலைக்கு உரிய சாதாரண விஷயம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, எதற்காக ஆசிட் ஊற்றுகிறார்கள்? கறைக்காகத்தான். அந்தக் கறை என்ன என்று பார்த்தால் பாதி வழி தெரிந்துவிடும். புதுச் சிறுநீர் லேசான அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அமோனியாவாக்கும்போது பி.எச். 9 வரை ஏறும். அந்தக் காரத்தில் கால்சியம், மக்னீசியம் பாஸ்பேட்டுகள் படிந்து கல்லாக இறுகுகின்றன. கழுவ ஊற்றுகிற போர் தண்ணீர் கடினநீராக இருந்தால் கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாகச் சேர்ந்து கல் இன்னும் வேகமாக வளரும். அதாவது சிறுநீர் தேங்கி நிற்பதும், கடினநீரும்தான் மூலக்காரணம். உடனுக்குடன் நீர் ஓடினால், தேங்கும் இடம் இல்லாதபடி சரிவு வைத்தால், ஆசிட்டின் தேவையே பாதியாகக் குறைந்துவிடும். மீதிக்கு எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலம் போதும். மெதுவாகத்தான் கரைக்கும், வாராவாரம் செய்ய வேண்டும். எஸ்.எஸ்.ஸுக்கு அதனால் கேடில்லை. அதில் குளோரைடு கிடையாது. சிமெண்டு இடுக்கை அதுவும் அரிக்கும் என்பதால் ஊற்றிவிட்டு ஊறவிடாமல் கழுவிவிட வேண்டும்.

அமோனியா என்றதும் பித்தளை ஞாபகத்துக்கு வருகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவத்தின் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. பருவம் பார்த்து வருவதால் அதற்குப் பருவவெடிப்பு என்ற பொருளில் பெயரிட்டார்கள். காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து, வடிவமைக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையில் அதைப் பிளந்திருந்தது. காற்றோட்டமில்லாத நம் சிறுநீர்க் கழிப்பிடங்களிலும் அதே அமோனியா, அதே ஈரம். அளவுக்கு மீறி முறுக்கி இறுக்கிய பித்தளை நட்டு ஒருநாள் தானே விரிசல் விடுவது இதனால்தான்.

பித்தளைக்கு இன்னொரு நோயும் உண்டு. உப்புத் தண்ணீர் ஓடும் குழாயில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மட்டும் தனியே கரைந்து போய், பஞ்சு போன்ற செம்பு மிஞ்சும். வெளியிலிருந்து பார்த்தால் வடிவம் மாறியிருக்காது. லேசாக இளஞ்சிவப்புத் தட்டியிருக்கும். ஸ்பேனர் போட்டதும் பிஸ்கட் மாதிரி உடையும். பித்தளையில் மிகச் சிறிதளவு ஆர்சனிக் சேர்த்தால் இது வெகுவாகக் குறையும். அப்படிப்பட்டதை டி.இசட்.ஆர். பித்தளை என்று கேட்டு வாங்கலாம். பளபளவென்று குரோம் பூசி மலிவாக விற்கும் குழாய்கள் பல, பித்தளையே இல்லை. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தவை. மேலே இருக்கும் குரோமியம் ஒரு மைக்ரான் தடிமன்கூட இராது. அதன் நுண்துளை வழியே ஆசிட் ஆவி இறங்கினால் சில மாதங்களில் கொப்பளித்துவிடும். உப்புத் தண்ணீர் வரும் பொதுக் கழிப்பறைக்கு என் தேர்வு பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாய்தான். அழகில் ஒரு படி கீழே இருக்கலாம். ஆனால் உப்பும் அமோனியாவும் அதை ஒன்றும் செய்யாது. பழைய உலோகக் கடையில் விலை போகாது என்பதால் யாரும் இரவோடு இரவாகக் கழற்றிக்கொண்டு போவதும் இல்லை.

தரைக்கும் சுவருக்கும் வந்தால், பீங்கானையும் விட்ரிஃபைடு டைல்ஸையும் மிஞ்ச ஒன்றுமில்லை. 1200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வெந்து இறுகியவை அவை. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சாது. சாதாரண அமிலம் எதுவும் அதைத் தொடாது. அதன் பலவீனமெல்லாம் ஏற்கெனவே சொன்ன இடுக்குதான். வெள்ளை சிமெண்டுக்குப் பதில் எபாக்சி கிரௌட் போட்டால் அந்தப் பலவீனமும் போய்விடும். விலை அதிகம், கொத்தனாருக்குப் பழக்கமும் வேண்டும், கலந்த கொஞ்ச நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். பெரிய டைல்ஸ் போட்டால் இடுக்கின் மொத்த நீளம் குறையும் என்பதால் செலவும் அந்த அளவுக்குக் குறையும்.

கல்லில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் சிறுநீர்த் தடுப்புக்கும் கை கழுவும் மேடைக்கும் காலகாலமாகக் கடப்பாக்கல் போடுகிறார்கள். கறுப்பாக, கிரானைட் மாதிரியே கெட்டியாக இருக்கும். ஆனால் கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை. ஒரு சொட்டு ஆசிட்டை விட்டுப் பாருங்கள், சீறிப் பொங்கும். அடுத்த நாள் அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்துச் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில் சிறுநீர் ஊறி, எவ்வளவு கழுவினாலும் போகாத நாற்றமாகத் தங்கிவிடும். சலவைக்கல்லுக்கும் இதே கதி. கிரானைட்டில் பொங்காது. அதில் இருப்பது குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும். தடுப்புக்குக் கல்தான் வேண்டும் என்றால் கிரானைட்டைக் கேளுங்கள். கல் வந்து இறங்கியதும் அந்த ஒரு சொட்டுச் சோதனையை நீங்களே செய்யுங்கள்.

கான்கிரீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.எஸ். 456:2000 விதிநூல், கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்டு நிற்கும் கம்பி கட்டிய கான்கிரீட்டைக் கடுமையான நிலை என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 தரமும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கனமும் வேண்டும் என்கிறது. கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டும். சின்னக் கட்டடம்தானே என்று உப்புத் தண்ணீரிலேயே கலந்துவிட்டால், கம்பிக்கான விஷத்தை முதல் நாளே உள்ளே வைத்ததாகிவிடும்.

இனி கதவு. கழிப்பறைக் கதவு எப்போதும் அடியிலிருந்துதான் கெடும். பிளைவுட்டின் முகம் நீரைத் தாங்கும், அறுத்த விளிம்பு தாங்காது. விளிம்பு வழியே நீர் ஏறி, மென்தகடுகள் ஒவ்வொன்றாக விரிந்து, கதவு உப்பித் தரையில் உரசும். சாதாரண கமர்ஷியல் பிளை இந்த வேலைக்கே உரியது இல்லை. ஐ.எஸ். 710 மரைன் பிளையின் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடாது. ஆனால் தாங்குவது பசைதான், மரம் மரம்தான். நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் கதவில் அதுவும் ஒருநாள் உளுத்துப்போகும். மலிவான பி.வி.சி. கதவு நீரில் கெடாது, உள்ளே வெற்றாக இருப்பதால் ஸ்க்ரூ பிடிக்காது. முதல் உதையில் கீல் பிடுங்கிக்கொண்டு வரும். எஃப்.ஆர்.பி. (நார் வலுவூட்டிய பிளாஸ்டிக்) கதவு பரவாயில்லை, கீலும் தாழ்ப்பாளும் வரும் இடங்களில் உள்ளே கெட்டியான கட்டை வைத்துச் செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும்.

விமான நிலையங்களிலும் பெரிய வணிக வளாகங்களிலும் தரையைத் தொடாமல், காலில் நிற்கும் மெல்லிய தடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் கனம். அவை காம்பாக்ட் லேமினேட். பழுப்புக் காகிதத்தை ஃபீனாலிக் பிசினில் நனைத்து, அடுக்கி, மேலே மெலமைன் பூசிய தாளை வைத்து, சூட்டிலும் பேரழுத்தத்திலும் ஒரே பலகையாக இறுக்குகிறார்கள். உள்ளேயும் பிசின், விளிம்பிலும் பிசின். நீர் ஏற இடமே இல்லை. அறுத்த விளிம்பை ஒட்டுத் துண்டால் மூடவும் வேண்டாம். முன்செலவு கூடுதல்தான். ஆனால் மூன்று முறை பிளைவுட் கதவு மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு இதில் தயக்கமில்லை. தடுப்பு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் போல உயர்ந்து நிற்பதால் கழுவிய நீர் தேங்காமல் ஓடும், காற்று புகும், தரை காயும். அந்தக் கால்களைத் தவறாமல் 316இலோ நைலானிலோ கேட்க வேண்டும். பலகை இருபது வருஷம் உழைத்துக் கால் இரண்டு வருஷத்தில் போனால் என்ன லாபம்?

அலுமினியத் தாழ்ப்பாளில் இரும்பு ஸ்க்ரூ, எஸ்.எஸ். கீலில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்க்ரூ என்று கலந்து மாட்டுவது நம் ஊர் வழக்கம். இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு மின்கலம் உண்டாகும். வேதிவினையில் முந்துகிற உலோகம் கரையும். பெரிய எஸ்.எஸ். தகட்டின் நடுவில் சின்ன ஜி.ஐ. ஸ்க்ரூ இருந்தால் மொத்த அரிப்பும் அந்தச் சின்னதன் தலையில் இறங்கும். கீல் எந்த ரகமோ ஸ்க்ரூவும் அதே ரகமாக இருக்க வேண்டும், அல்லது அதைவிட மேலான ரகமாக இருக்க வேண்டும். முடிந்த இடத்தில் நைலான் வாஷர் வைத்துப் பிரிக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த பொறியாளர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆனால் மதிப்பீட்டில் "எஸ்.எஸ். தாழ்ப்பாள், உயர்ந்த தரம்" என்று மட்டும் எழுதினால், குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகும் முறையில், ஒப்பந்தக்காரர் 202ஐ மாட்டுவதைத் தவறென்று சொல்ல முடியாது. அவர் எழுதியதைத்தான் செய்திருக்கிறார். 316 என்று எண்ணைப் போட்டு, ஸ்க்ரூவுக்கும் அதையே போட்டு, சோதித்துப் பார்த்த பிறகே பணம் என்று எழுத வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தையும் அப்படியே எழுத வேண்டும். எந்தத் துப்புரவுத் திரவம் கழிப்பறைக்குள் வரலாம், எது வரக் கூடாது என்று பெயர் சொல்லி எழுதினால்தான் ஆசிட் பாட்டில் வெளியே போகும். வாரத்துக்கு ஒரு முறை தாழ்ப்பாள், கீல், கைப்பிடி எல்லாவற்றையும் உப்பில்லாத நல்ல தண்ணீரால் துடைத்து, ஈரம் போக உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் அரை மணி நேரமும்தான் செலவு. அந்த அரை மணிக்கும் சேர்த்துத் துப்புரவுப் பணியாளருக்குக் கூலி கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.